போக ஒன்பதரை மணி, திரும்பப் பதினோரு மணி

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாமா?

குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. மாலை 5 மணிக்கு டோக்கியோவிலிருந்து ஒரு விமானம் கிளம்புகிறது. பசிபிக் பெருங்கடலைத் தாண்டி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. அங்குள்ள கடிகாரத்தில் அப்போது மணி காலை 9.30. கிழமை என்ன தெரியுமா? அதே திங்கட்கிழமை! மாலையில் கிளம்பியவர்கள் அன்று காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திரும்பி வரும் விமானத்தையும் பார்த்துவிடுவோம். சான் பிரான்சிஸ்கோவில் திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் கிளம்புகிறது. டோக்கியோவில் இறங்கும்போது செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணி. இந்த நேரங்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் விமான நிறுவனங்களின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். டிக்கெட்டில் உள்ள எண்களை அப்படியே கழித்தால், போகும்போது மைனஸ் ஏழரை மணி நேரம், வரும்போது 28 மணி நேரம் என்று விடை வருகிறது.

இது எப்படி நடக்கும்? இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை என்பதுதான் காரணம். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால் சூரியன் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் உதிப்பதில்லை. அதற்கேற்ப உலகின் ஒவ்வொரு பகுதியும் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவைவிட டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. வழியில், நடுக்கடலில், தேதிக்கோடு வேறு குறுக்கிடுகிறது. அதைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் ஒரு நாள் பின்னால் போகும். மேற்கு நோக்கித் தாண்டினால் ஒரு நாள் கூடும்.

இப்போது 17 மணி நேரத்தைச் சரிசெய்து பாருங்கள். மைனஸ் ஏழரையோடு 17ஐக் கூட்டினால் ஒன்பதரை. 28இலிருந்து 17ஐக் கழித்தால் 11. ஆக, போகும்போது வானத்தில் இருந்தது ஒன்பதரை மணி நேரம். வரும்போது 11 மணி நேரம். 17 என்ற எண் தெரியாவிட்டாலும், மைனஸ் ஏழரையையும் 28ஐயும் கூட்டினால் இருபதரை வருகிறது. போய்வந்த மொத்தப் பறப்பு நேரம் அதுதான். ஒரு பக்கம் கடிகாரம் எடுத்துக்கொண்டதை மறுபக்கம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எந்த இரண்டு ஊர்களுக்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

கடிகாரப் புதிர் அவிழ்ந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய புதிர் ஒன்று இப்போதுதான் தலைகாட்டுகிறது. அதே இரண்டு ஊர்கள். அதே விமானம். அதே எஞ்சின்கள். போக ஒன்பதரை மணி, திரும்பி வரப் பதினோரு மணி. நடுவே அந்த ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

முதலில் தூரத்தைச் சரியாக அளந்துவிடுவோம். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் டோக்கியோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டால், அது கிட்டத்தட்ட நேர் கிழக்காகப் போகும். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 36, 38 பாகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படி. அந்தக் கோட்டின் வழியே போனால் தூரம் சுமார் 8,740 கி.மீ.

இப்போது உங்கள் பள்ளியில் இருக்கும் பூகோள உருண்டையை எடுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை டோக்கியோவில் வைத்து அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோ வரை கொண்டுபோய் இறுக்கி இழுங்கள். நூல் நேர் கிழக்கே போகாது! வடக்கே நழுவி ஏறி, அலாஸ்காவிலிருந்து வால்போல நீளும் அலூஷியன் தீவுகளின் பக்கமாக வளைந்து இறங்கும். இறுக்கிய நூல் எப்போதும் மிகக் குறுகிய வழியைத்தான் காட்டும். அந்த வழியின் நீளம் சுமார் 8,270 கி.மீ. படத்தில் வளைவாகத் தெரியும் பாதை, நேர்க்கோடாகத் தெரியும் பாதையைவிட 470 கி.மீ. குறைவு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன. நம்மைக் குழப்புவது அதுதான். இந்தப் பாதையின் உச்சி, பாரிஸ் நகரம் இருக்கும் அட்சரேகையை ஏறக்குறையத் தொட்டுவிட்டு வருகிறது. நூலை வைத்துப் பார்க்காமல் இதை நம்புவது கடினம். கட்டாயம் செய்து பாருங்கள்.

சரி, தூரம் போகவும் வரவும் ஒன்றுதான். அப்படியானால் நேரம் ஏன் மாறுகிறது?

வகுப்பில் கேட்டால் ஒரு பதில் உடனே வரும்: "பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. விமானம் மேற்கே பறந்தால் ஊரே எதிரில் ஓடி வருமே! அதனால் மேற்கே போவதுதான் சீக்கிரம்." யோசித்துச் சொன்ன பதில்தான். ஆனால் நடப்பது நேர் எதிர். டோக்கியோவிலிருந்து கிழக்கே போவதுதான் சீக்கிரம் முடிகிறது.

இந்தப் பதில் எங்கே தவறியது என்று பார்ப்போம். டோக்கியோ இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,350 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழன்றுகொண்டிருக்கிறது. காற்று மட்டும் சுழலாமல் நின்றிருந்தால், டோக்கியோ மக்கள் மீது ராப்பகலாக 1,350 கி.மீ. வேகச் சூறாவளி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீடும் மிஞ்சாது. உண்மையில் பூமி தன் காற்றையும் சேர்த்துக்கொண்டுதான் சுழல்கிறது. ஓடுதளத்தில் நிற்கும் விமானமும் அந்த வேகத்தில் ஏற்கெனவே பங்காளி. மேலே எழும்பியதும் அந்த வேகம் அதைவிட்டுப் போய்விடாது. ஆகவே பூமியின் சுழற்சி நேராக வந்து விமானத்துக்கு உதவுவதும் இல்லை, அதைத் தடுப்பதும் இல்லை. ஆனால் மறைமுகமாக ஒரு பெரிய வேலை செய்கிறது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஆற்றைக் கடக்கும் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுகிறவர் தண்ணீரைத்தான் தள்ளுகிறார், ஆற்றின் அடியில் இருக்கும் மணலை அல்ல. தண்ணீர் ஓடினால் பரிசலும் அதோடு சேர்ந்து போகும். கரையில் நின்று பார்ப்பவருக்கு, ஓட்டத்தோடு போகும் பரிசல் வேகமாகவும், எதிரே வரும் பரிசல் மெதுவாகவும் தெரியும். துடுப்புப் போடுகிறவரின் கை வலிமையோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். விமானமும் அப்படியே. அது தாங்கி நிற்பது காற்றில், தள்ளுவதும் காற்றை. வேகத்தை அது காற்றை வைத்துத்தான் அளக்கிறது. பெரிய பயணிகள் விமானம் காற்றுக்குள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்தக் காற்றே கிழக்கே ஓடிக்கொண்டிருந்தால்?

கணக்குப் போடுவோம். காற்று அசையாமல் இருந்தால் 8,270ஐ 900ஆல் வகுக்க வேண்டும். 9 மணி 11 நிமிடம் வரும். வழிநெடுக சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது அது பின்காற்று. தரையைப் பொறுத்து வேகம் 1,000 கி.மீ.; நேரம் 8 மணி 16 நிமிடம். மேற்கே வரும்போது அதுவே எதிர்காற்று. வேகம் 800 கி.மீ.; நேரம் 10 மணி 20 நிமிடம். மேலே ஏற, கீழே இறங்க, ஓடுதளத்தில் காத்திருக்க என்று ஆகும் நேரத்தைக் கூட்டினால் உண்மையான பயண நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. "போகும்போது காற்று கொடுக்கும், வரும்போது எடுக்கும், மொத்தத்தில் சரியாகப் போகும்" என்றுதானே தோன்றுகிறது? கூட்டிப் பாருங்கள். காற்றில்லாமல் போய்வர 18 மணி 22 நிமிடம். காற்றோடு போய்வர 18 மணி 36 நிமிடம். 14 நிமிடம் நட்டம்! காரணம் எளிது. பின்காற்று உதவும்போது சீக்கிரம் போய்விடுவதால் அந்த உதவி குறைந்த நேரமே கிடைக்கிறது. எதிர்காற்று இழுக்கும்போது மெதுவாகப் போவதால் அந்தத் தொல்லையை அதிக நேரம் அனுபவிக்கிறோம். காற்றின் வேகத்தை 200 ஆக்கி நீங்களே போட்டுப் பாருங்கள். நட்டம் இரண்டு மடங்காகாது. அதைவிட அதிகமாக, நான்கு மடங்கைத் தாண்டும்.

அந்தக் காற்று எங்கே ஓடுகிறது? தரையில் நின்றால் அது நமக்குத் தெரியாது. ஒன்பது, பத்து கி.மீ. மேலே இருக்கிறது. பயணிகள் விமானங்கள் அங்கே போவதற்கு வெகுகாலம் முன்பே, தரையில் நின்றபடி அதைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வாசபுரோ ஓய்ஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே ததேனோ என்னும் இடத்தில் 1920ஆம் ஆண்டு தொடங்கிய வான் ஆய்வு நிலையத்தின் தலைவர்.

அவரிடம் ராக்கெட் இல்லை, ராடார் இல்லை. ஹைட்ரஜன் அடைத்த ரப்பர் பலூன்களும், கோணம் அளக்கும் தியோடலைட் என்ற தொலைநோக்கியும்தான் இருந்தன. பலூனைப் பறக்கவிட வேண்டும். அது ஒரே சீரான வேகத்தில் மேலே ஏறும். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரிந்தால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொலைநோக்கியில் அதைப் பின்தொடர்ந்து, எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். உயரமும் கோணமும் தெரிந்தால் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்கிடலாம். நீங்கள் மேல்வகுப்பில் படிக்கப்போகும் முக்கோணக் கணக்கு போதும். பலூன் நகர்ந்த வேகம்தான் காற்றின் வேகம்.

இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அளந்தார்கள். டோக்கியோ சமவெளியில் குளிர்காலம் மேகமின்றித் தெளிந்த காலம். அதனால் பலூன் வெகு உயரம் போன பிறகும் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. அப்போதுதான் அந்த ஆச்சரியம் தெரியவந்தது. ஒன்பது, பத்து கி.மீ. உயரத்தில் குளிர்காலக் காற்று விநாடிக்கு சுமார் 70 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 250 கி.மீ. வேகத்தில், கிழக்கே பாய்ந்துகொண்டிருந்தது. கரையைத் தாக்கும் கடும் புயலின் வேகம் அது. ஆனால் கீழே மரத்தில் ஓர் இலைகூட அசையாத நாளாக இருக்கலாம்.

உலகம் முழுவதும் உள்ள அறிஞர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஓய்ஷி விரும்பினார். ஜப்பானிய மொழியில் எழுதினால் வெளிநாட்டார் படிக்க மாட்டார்கள். எனவே 1926இல் வெளிவந்த தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1887இல் சாமன்ஹாப் என்பவர் உருவாக்கிய மொழி அது. ஓய்ஷி அதன் மீது மிகுந்த பற்றுள்ளவர். ஆனால் அந்த மொழி தெரிந்த வானிலை அறிஞர்கள் உலகில் மிகச் சிலரே. அறிக்கை ஏறக்குறைய யார் கண்ணிலும் படாமல் போயிற்று. எல்லோருக்கும் சேரட்டும் என்று நினைத்தே ஒருவர் செய்த காரியம் யாருக்கும் சேராமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

அந்தக் காலத்தில் 10 கி.மீ. உயரத்துக்குப் பயணிகளோடு ஏறும் விமானமும் இல்லை. பசிபிக்கை எங்கும் நிற்காமல் முதன்முதலில் விமானத்தில் கடந்தது 1931 அக்டோபரில்தான். கிளைட் பாங்போர்ன், ஹ்யூ ஹெர்ண்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், வடக்கு ஜப்பானில் மிசாவா அருகே சபிஷிரோ கடற்கரையிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பினார்கள். எரிபொருள் நிரப்பிய கனமான விமானம். போதிய தூரம் போக வேண்டுமே என்று ஒரு துணிச்சலான ஏற்பாடு செய்திருந்தார்கள். எழும்பியதும் சக்கரங்களையே கழற்றிக் கடலில் போட்டுவிடுவது! கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும்; அது இல்லாவிட்டால் அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். சக்கரங்கள் விழுந்தன. ஆனால் அவற்றைத் தாங்கிய இரண்டு கம்பிகள் விழாமல் ஒட்டிக்கொண்டன. பாங்போர்ன் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், உறையும் குளிரில், வெறுங்காலோடு விமானத்துக்கு வெளியே இறங்கிப்போய் அவற்றைக் கழற்றினார். 41 மணி நேரம் கழித்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி என்ற ஊரில், சக்கரமே இல்லாமல், வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு விமானம் இறங்கியது. இருவரும் பிழைத்தார்கள். இதில் திசையைக் கவனித்தீர்களா? ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு. மேலே மட்டுமல்ல, அவர்கள் பறந்த உயரத்திலும் அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் வீசுகிறது.

ஓய்ஷியின் காற்றை உலகம் அறிந்துகொண்ட விதம் துயரமானது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 நவம்பரில், டோக்கியோ மீது குண்டு வீச வந்த அமெரிக்காவின் பி-29 விமானங்கள் ஒன்பது, பத்து கி.மீ. உயரத்தில் இந்தக் காற்றில் சிக்கின. விமானங்கள் நினைத்ததைவிட மிக வேகமாக அடித்துச் செல்லப்பட்டன. ஜப்பானோ அதே மாதத்தில் அதே காற்றை ஆயுதமாக்கியது. ஓய்ஷியைப்போலப் பலூன் விட்டுச் சேர்த்த அளவுகளை வைத்து, பசிபிக்கின் மேலே காற்று எப்படிப் போகிறது என்று கணக்கிட்டார்கள். பிறகு காகிதத்தால் 10 மீட்டர் அகலமுள்ள பலூன்களைச் செய்தார்கள். காகிதத்தை ஒட்டியவர்களில் பலர் உங்களைவிடச் சற்றே பெரிய பள்ளி மாணவிகள். ஹைட்ரஜன் நிரப்பி, குண்டைக் கட்டி, 1945 ஏப்ரல் வரை சுமார் 9,300 பலூன்களைப் பறக்கவிட்டார்கள். எஞ்சினும் இல்லை, ஓட்டுபவரும் இல்லை. இரவில் வாயு குளிர்ந்து பலூன் தாழ்ந்தால் ஒரு கருவி தானாகவே ஒரு மணல் மூட்டையைக் கழற்றிவிடும். சுமை குறைந்து மீண்டும் ஏறும். இப்படியே மூன்று நாளில் ஒரு பெருங்கடலைத் தாண்டின.

அமெரிக்காவில் விழுந்த பலூன்களின் மணலை அங்குள்ள நிலவியல் அறிஞர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த கனிமங்களையும், கடல்வாழ் நுண்ணுயிரிகளின் ஓடுகளையும் வைத்து, இது ஜப்பானியக் கடற்கரை மணல் என்று சொல்லிவிட்டார்கள். 1945 மே 5 அன்று ஓரிகான் மாநிலத்துக் காட்டில் விழுந்துகிடந்த ஒரு பலூனருகே குண்டு வெடித்தது. உல்லாசப் பயணம் வந்திருந்த ஐந்து சிறுவர் சிறுமியரும் அவர்களோடு வந்த ஒரு பெண்மணியும் இறந்தார்கள். காற்றை அளக்க ஓய்ஷி ததேனோவில் விட்டவை வெறும் ரப்பர் பலூன்கள். அந்த அறிவு இந்த இடத்துக்கு வந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தது. 1952 நவம்பரில் பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹொனலுலுவுக்கு, சுமார் 7,600 மீட்டர் உயரத்தில், வேண்டுமென்றே இந்தக் காற்றோடு சேர்ந்து பறந்தது. வழக்கமாக நடுவழித் தீவில் இறங்கி ஏறி 18 மணி நேரம் ஆகும் பயணம், எங்கும் நிற்காமல் பதினொன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இந்தக் காற்றுக்கு 'ஜெட் காற்றோட்டம்' என்று பெயர்.

அது ஏன் ஓடுகிறது? இங்கேதான் பூமியின் சுழற்சி வருகிறது.

சூடான காற்று விரியும். குளிர்ந்த காற்று சுருங்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்றுமண்டலம் விரிந்து உயர்ந்து நிற்கிறது. குளிர்காலச் சைபீரியாவின் மேலே சுருங்கித் தாழ்ந்து கிடக்கிறது. 10 கி.மீ. உயரத்துக்கு ஏறிப் பார்த்தால், தெற்கே அந்த உயரத்துக்கு மேல் இன்னும் நிறையக் காற்று இருக்கும். வடக்கே குறைவாகத்தான் இருக்கும். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடைதானே காற்றழுத்தம்? ஆகவே அந்த உயரத்தில் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. காற்று தெற்கிலிருந்து வடக்கே பாயப் பார்க்கிறது.

ஆனால் நேராக வடக்கே போக முடியாது. நிலநடுக்கோட்டில் தரையும் காற்றும் மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கின்றன. வடக்கே போகப் போகப் பூமியின் சுற்றளவு குறைவதால் தரையின் வேகமும் குறைகிறது, டோக்கியோவில் 1,350தான். தெற்கிலிருந்து கிளம்பிய காற்று அங்கே பெற்ற வேகத்தோடு வருகிறது. வடக்கே வந்ததும் கீழே இருக்கும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடத் தொடங்குகிறது. தெற்குக்கும் வடக்குக்கும் வெப்பநிலை வேறுபாடு கூடக் கூட இந்த ஓட்டமும் வேகம் பிடிக்கும். குளிர்காலத்தில் ஒரு பக்கம் உறைந்த சைபீரியா, மறுபக்கம் வெதுவெதுப்பான பசிபிக். நடுவே ஜப்பான். உலகிலேயே மிக வலிமையான ஜெட் காற்றோட்டங்களில் ஒன்று அந்த நாட்டின் தலைக்கு மேலே ஓடுவது இதனால்தான். கோடையில் அது வலிமை குறைந்து வடக்கே விலகிவிடும். அப்போது போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கும்.

இதை நம்ப முடியாதவர்கள் சான் பிரான்சிஸ்கோ போகும் விமானத்தில், இருக்கைக்கு எதிரே உள்ள திரையைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் சில சமயம் தரைவேகம் மணிக்கு 1,100 கி.மீ.க்கு மேல் காட்டும். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,060தான். அப்படியானால் விமானம் ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. காற்றுக்குள் அதன் வேகம் அதே 900தான். மீதி, காற்று தூக்கிக்கொண்டு போவது.

எதிர்த் திசையில் வரும் விமானிகள் என்ன செய்வார்கள்? காற்றோடு மல்லுக்கட்ட மாட்டார்கள், விலகிப் போவார்கள். ஜப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே விமானப் பாதைகளைத் தினந்தோறும் புதிதாக வரைகிறார்கள். அமெரிக்காவின் ஓக்லண்டிலும் ஜப்பானின் புகுவோகாவிலும் உள்ள வான்போக்குவரத்து மையங்கள் அன்றைய காற்றைப் பார்த்துப் பாதைகளை வகுக்கின்றன. கிழக்கே போகும் விமானம் காற்றோட்டத்தைத் தேடிப்போய் அதற்குள் நுழைந்துகொள்ளும். மேற்கே வருவது பெரும்பாலும் வடக்கே ஏறி, அலாஸ்காப் பக்கமாகச் சுற்றி, காற்றின் வேகம் குறைந்த இடத்தின் வழியே வரும். தூரம் சில நூறு கிலோமீட்டர் கூடினாலும் நேரம் மிச்சமாகும். நேரம் மிச்சமானால் எரிபொருள் மிச்சம். போயிங் 777 போன்ற பெரிய விமானம் ஒரு மணி நேரத்துக்கு ஏழு, எட்டு டன் எரிபொருளை எரிக்கிறது. ஒன்றரை மணி நேரம் என்றால் இரண்டு யானைகளின் எடைக்கு மேல்!

அப்படியானால் பூமியின் தெற்குப் பாதியில் எப்படி? அங்கே குளிர்ந்த துருவம் தெற்கில் இருக்கிறது. நடுக்கோட்டுக் காற்று தெற்கே பாயப் பார்க்கும். அதுவும் நடுக்கோட்டின் வேகத்தோடுதான் கிளம்புகிறது. அதுவும் தரையை முந்திக் கிழக்கேதான் ஓடும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த்திலிருந்து கிழக்குக் கரையில் உள்ள சிட்னிக்கு, சுமார் 3,280 கி.மீ. தூரத்துக்கு, ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகிறது. திரும்பி வர 5 மணி நேரம்.

கடைசியாக நம் தலைக்கு மேலே பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 15 கி.மீ. உயரத்தில் ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. அது கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது! இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். திசை ஏன் மாறியது என்று இப்போது நீங்களே சொல்லலாம். கோடையில் திபெத் பீடபூமி, சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, வெயிலில் காய்ந்து தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அப்போது வடக்கேதான் சூடு அதிகம். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் மேல் குறைவு. மேலே காற்று வடக்கிலிருந்து தெற்கே பாயப் பார்க்கிறது. அது கிளம்பிய இடத்தில் தரை மெதுவாகச் சுழல்கிறது. வந்து சேரும் இடத்தில், சென்னையின் அட்சரேகையில், தரை வேகமாகச் சுழல்கிறது. வந்த காற்றால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பின்தங்குகிறது. கீழே நிற்கும் நமக்கு அது மேற்கே ஓடுவதாகத் தெரிகிறது.